கல்வெட்டு ஐயாவும் அவர் கூட்டாளிகளும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறது. அமோகமாக விழுகிறது. காலை வெயில் ஏறுகிற நேரத்தில் மேற்குத் திருச்சுற்றில், அந்த நிழலுக்குள்தான் எங்கள் கூட்டத்தை நிறுத்தினார் கல்வெட்டு ஐயா. "பெரிய கோயில் நிழல் கீழே விழாது என்று கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எல்லாக் கையும் மேலே போயிற்று. "சரி, நிழலிலேயே நின்று பேசுவோம், வெயில் படாது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்ற கதைக்கும் அதே கதிதான். அது பல துண்டுகளை இணைத்துக் கட்டிய சிகரம் என்பதை, கூட வந்த ஸ்தபதித் தம்பி படங்களை விரித்துக் காட்டினார். சின்ன வயதிலிருந்து பெருமையாகச் சொல்லித் திரிந்த இரண்டு கதைகள் கால் மணி நேரத்தில் காலி. ஆச்சரியம் என்னவென்றால், ஒருவருக்கும் முகம் வாடவில்லை. சுமார் அறுபது மீட்டர் உயரத்துக்குச் சாந்தில்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் விளக்க ஆரம்பித்ததும், பொய்க் கதைகளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

இது பாராட்டுக் கட்டுரை. நடுநிலையை எதிர்பார்ப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கும்பகோணத்தில் தங்கி, தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், பிறகு புதுக்கோட்டைக் குன்றுகள் என்று கூட்டிப்போகும் ஒரு சின்ன நிறுவனம் அது. பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. எனக்குப் பேச வேண்டியது அந்தக் கம்பெனியைப் பற்றி இல்லை, அதன் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றி. வேனும் விடுதியும் யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்துவிடலாம். இந்த மனிதர்களை ஏற்பாடு செய்ய முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

யார் யார்? கல்வெட்டுத் துறையில் காலமெல்லாம் சுவரோடு பேசி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவர்தான் கல்வெட்டு ஐயா. கலை வரலாறு கற்பித்த ஒரு பேராசிரியை. ஓவியம் என்று வந்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார் என்பதால் எல்லோருக்கும் 'ஓவியம்மா'. மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு இன்றைக்கும் உளி பிடிக்கிற ஸ்தபதித் தம்பி. தாராசுரத்தில் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும் ஓர் ஓதுவார். இவர்களில் ஒருவருக்கும் மைக் பிடித்து மனப்பாடம் ஒப்பிக்கிற பழக்கம் இல்லை. கேட்டால்தான் பேசுவார்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்துவது நம் பாடு.

அவர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் உண்டு. எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்தைப் பற்றி நமக்கு முதலில் சொன்னவர் யார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். ராஜராஜன் பெயருக்கு முன்னால் ஹுல்ஷ் பெயர் வரும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊர் மக்களுக்கு மறந்துபோய், வேறு வேறு பெயர்கள் உலவிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1886-ல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ஷ், சுவரில் இருந்ததை வரி வரியாகப் படியெடுத்துப் படித்தார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி அப்படித்தான் உருவானது. அவரோடு உழைத்து, பிறகு அதே துறையின் தலைமைக்கு வந்தவர் வெங்கையா. "இன்றைக்கு ஆட்டோவிலேயும் லாரியிலேயும் ராஜராஜன் படம் ஒட்டியிருக்கோமே, அந்தப் படத்துக்குக் கீழே ஓரமா இந்த இரண்டு பேர் பெயரையும் போட்டிருக்கணும்" என்றார் ஐயா. நியாயம்தானே?

அதற்கப்புறம் அவர் சுவரை நெருங்கினார். கையில் ஒரு டார்ச்சும் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியும். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். அவர் கண்ணாடியை ஒரு திருப்புத் திருப்பி வெயிலைச் சுவர்மேல் சாய்த்ததும், வெறும் சொரசொரப்பாகக் கிடந்த கல்லில் எழுத்துகள் எழுந்து நின்றன. கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு சத்தம். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சத்தத்தில் என்னுடையதுதான் பெரிது.

தன்னுடைய ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டு 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக் குடத்தை ராஜராஜன் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. கி.பி. 1010. தான் கொடுத்தவை, அக்கா குந்தவை கொடுத்தவை, தன் மனைவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டு என்று ராஜா வாயாலேயே உத்தரவு போட்ட பகுதியை ஐயா விரலால் தொடாமல், காற்றில் கோடு போட்டபடி படித்தார். எழுத்தைத் தொடக் கூடாது. மாவு, விபூதி, சுண்ணாம்பு எதையும் பூசித் தேய்த்துப் படிக்கவும் கூடாது என்பதில் மனிதர் கண்டிப்பு. ஆர்வக்கோளாறில் ஒருவர் ஆள்காட்டி விரலை நீட்டியபோது, "ஆயிரம் வருஷமா நின்னுச்சு, நம்ம விரல் பட்டு போயிடக் கூடாது பாருங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த விரல் பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது, பயணம் முடியும்வரை வெளியே வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகளின் கல்வெட்டு. கோயில் பணிக்காகச் சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்து நானூறு ஆடல் மகளிரை ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். இதைப் பாடப் புத்தகத்தில் ஒரே வாக்கியமாகப் படித்திருப்போம். கல்வெட்டில் அது ஒரு வாக்கியமாக இல்லை; நானூறு பேருக்கும் பெயர் இருக்கிறது, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை என்று ஐயா படிக்கப் படிக்க, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த எங்கள் கூட்டத்து அண்ணாச்சி ஒருவர், "பின்கோடு ஒண்ணுதான் குறை. லெட்டர் போட்டா போய்ச் சேர்ந்திடும்" என்றார். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். பட்டியல் அவர்களோடு முடிவதில்லை. நட்டுவனார், பாடுவார், குடை பிடிப்பார், கணக்கர், தையல்காரர், நாவிதர், வண்ணார் என்று ஓர் ஊரே சுவரில் வரிசையாக நிற்கிறது. ராஜாவைப் பற்றிப் பேசவே வந்த நாங்கள், அன்று மத்தியானச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது சேரமங்கையைப் பற்றி.

ஓவியம்மா முறை வந்தது. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதிக்குள் பொதுமக்களை விடுவதில்லை. வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் படங்களாகத்தான் பார்க்க முடியும். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பத்தே நிமிடத்தில் அதை மறக்கடித்துவிட்டார். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி விளக்கோடு அந்த இருட்டுச் சுற்றுக்குள் போனார். நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்திருந்த இடத்தில், அடியில் இன்னொரு ஓவியம் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். பல நூற்றாண்டு ஒருவர் கண்ணிலும் படாத சோழர் ஓவியம் அது. ஓவியம்மா இதைச் சொல்கிறபோது தானே விளக்குப் பிடித்துக்கொண்டு போனவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து அவர் சொன்ன பெயர் ஒரு வேதியியல்காரருடையது. சென்னை அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன், ஓவியத்தின் சுண்ணாம்பையும் நிறத்தையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று கண்டு சொன்னவர். சுண்ணாம்பு காய்வதற்குள் ஓவியன் வரைந்து முடித்தாக வேண்டும். தவறினால் திருத்த முடியாது. அதைத் தெரிந்துகொண்டு அந்த ஆடல் மகளிரின் இடுப்பு வளைவைப் பாருங்கள். ஒரே இழுப்பு!

சுந்தரரின் கதை அங்கே வரையப்பட்டிருக்கிறது. கையில் ஓலையோடு வழக்காட வந்த கிழவர், திகைத்து நிற்கும் சபை, கடைசியில் வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரர். நாம் எல்லோரும் இதைச் சேக்கிழார் வழியாகத்தான் அறிந்திருக்கிறோம். ஆனால் சேக்கிழார் பெரிய புராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஓவியனோ நூறாண்டுக்கும் மேல் முந்தியவன். கதை மக்கள் வாயில் எவ்வளவு உறுதியாக இருந்திருந்தால் இவன் இப்படி வரைந்திருப்பான் என்று ஓவியம்மா கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் அவரிடம் படித்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கி, மீதிக் கற்களை வெறுமையாக விட்டிருப்பதைப் பற்றியும் பேசினார். அதை வைத்து ஏதாவது சோகக் கதை சொல்வாரோ என்று பார்த்தேன். "கல் காலியா இருக்கு. அவ்வளவுதான் கல் சொல்லுது" என்று முடித்துக்கொண்டார்.

இனி இந்தப் பயணத்தின் உச்சம். அது பெரிய கோயில் இல்லை. காட்டுமன்னார்கோயில்.

அதற்கு முன்னால் கும்பகோணத்தில் வேனை ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னார் ஐயா. பாணாதுரைப் பள்ளி. கோயிலும் இல்லை குளமும் இல்லை, இங்கே என்ன என்று நாங்கள் விழித்தோம். சதாசிவ பண்டாரத்தார் கால் நூற்றாண்டு காலம் தமிழாசிரியராக வேலை பார்த்த இடம் அது. பகலில் பிள்ளைகளுக்கு நன்னூல் நடத்துவது, விடுமுறை கிடைத்தால் வயல் வரப்பில் நடந்து போய் ஊர் ஊராகக் கல்வெட்டுப் படிப்பது. அப்படிச் சேர்த்ததிலிருந்துதான் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமே பிறகு அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. பள்ளி வாசலில் வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஐயா இதைச் சொன்னார். ஐந்து நிமிடம்தான். எந்தச் சுற்றுலா நிறுவனம் தமிழ் வாத்தியார் ஒருவருக்காக வண்டியை நிறுத்தும், சொல்லுங்கள்!

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில். வீரநாராயண சதுர்வேதிமங்கலம் என்பது இந்த ஊருக்குச் சோழர் காலப் பெயர். பக்கத்தில் முதலாம் பராந்தகன் வெட்டிய வீராணம் ஏரி. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது என்பது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். திரைப்படம் வந்த பிறகு இங்கே வந்து சுவரைப் படம் பிடித்து, "கொலைகாரர்கள் பெயர் இதோ" என்று தலைப்புப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஐயா செய்தது வேறு. பிராகாரத்தில் எங்களை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். கல்வெட்டின் வாசகம் முழுவதும் அதில் அச்சாகியிருந்தது. "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நீங்களே படிங்க. இது என்ன பத்திரம்னு கண்டுபிடிங்க."

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வங்கி அதிகாரி அம்மாள், "ஐயா, இது நிலம் வித்த பத்திரம் மாதிரி இருக்கே?" என்றார். ஐயா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! ஆமாம். அது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட அறக்கட்டளை ஆவணம். கரிகால் சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரும் உறவினர்களும் வைத்திருந்த உடைமைகளைப் பற்றி அரசனின் ஓலை ஊர்ச் சபைக்கு வருகிறது. அந்த நிலத்தை ஒருவர் சபையிடமிருந்து விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதி வைக்கிறார். நிலத்துக்கு மூலம் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் கொலையின் பேச்சே வருகிறது. வில்லங்கச் சான்றிதழில் வந்து விழுந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாடே எழுபது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது!

கொன்றது யார் ஏவி? இந்தக் கேள்விக்கு ஐயா விடை சொல்லவில்லை, வழக்கை நடத்தினார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன்னால் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகப்பட்டார். உத்தமன் ஆண்ட காலம் முழுவதும் குற்றவாளிகள் மேல் நடவடிக்கை வந்ததாகத் தெரியவில்லை, ராஜராஜன் வந்த பிறகுதான் உடைமை பறிபோகிறது என்பது அவர் வாதம். பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உத்தமன் கொலைக்கு உடந்தை என்றால் ராஜராஜன் அவனிடம் அத்தனை மரியாதை காட்டியிருப்பானா, பெற்ற மகனுக்கு மதுராந்தகன் என்று அவன் பெயரையே வைத்திருப்பானா என்று கேட்டார். பஞ்சவன் என்ற பட்டம் பாண்டியத் தொடர்பைக் காட்டுகிறது. வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் ஆதித்தன். பழிக்குப் பழி என்று கொள்வோரும் உண்டு. எங்கள் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து, வேன் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்வரை சண்டை. பொன்னியின் செல்வன் படம் போட்ட டி-சர்ட்டோடு வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி மெதுவாக, "அப்போ நந்தினி?" என்றாள். "நந்தினி கல்கி பெத்த பொண்ணும்மா. அந்த அளவுக்கு உயிரோட பெத்திருக்கார். அதுக்கு அவரைக் கும்பிடணும். ஆனா சுவத்துல தேடக் கூடாது" என்றார் ஐயா. அவள் முகம் சுருங்கியதாகத் தெரியவில்லை. மறுநாள் தாளும் பேனாவுமாக அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. ராஜேந்திரன் கட்டிய அந்தப் பெருங்கோயிலின் மதிற்சுவர்க் கற்களை 1836-ல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பதை ஸ்தபதித் தம்பி சொன்னபோது அவர் குரல் கட்டிப்போனது. கல்லோடு வாழ்கிறவர் அல்லவா. சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. உளியால் எந்தப் பக்கமிருந்து கல்லை எடுத்திருப்பார்கள் என்று கையை அசைத்துக் காட்டினார். சிவனின் விரல்கள் மாலையைச் சுற்றுவது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

தாராசுரத்தில் ஓதுவார் சேர்ந்துகொண்டார். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். அங்கே அடித்தளத்தில், கையகல உயரத்தில், நாயன்மார்களின் வரலாறு சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. மேலே பெயரும் பொறித்திருக்கிறார்கள். குனிந்து உட்கார்ந்தால்தான் தெரியும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிற கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓவியம்மா ஒவ்வொரு சட்டமாகக் காட்ட, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட இடத்துக்கு வந்ததும் ஓதுவார் தரையில் சம்மணமிட்டு அவிநாசிப் பதிகத்தை எடுத்தார். சுருதிப் பெட்டி கிடையாது. பக்கத்தில் நின்ற வேறொரு கூட்டத்தின் வழிகாட்டி தன் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தச் சின்னக் கல்லில் வாயைத் திறந்திருக்கும் முதலையையும் பாட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வாங்காதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

புதுக்கோட்டைக்கு வந்துவிட்டால் ஸ்தபதித் தம்பியின் ராஜ்யம். தஞ்சையின் வண்டல் மண்ணில் இவ்வளவு கருங்கல் ஏது? இந்தப் பக்கத்துப் பாறைகளிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். நார்த்தாமலைப் பாறையில் வரிசையாக ஆப்புக் குழி வெட்டிக் கல்லைப் பிளக்கும் முறையை அவர் விளக்கினார். சுத்தியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே கல்லின் தன்மையைச் சொல்லும் வித்தையையும் காட்டினார். மேலே ஏறினால் விஜயாலய சோழீஸ்வரம். பெயரைப் பார்த்து முதல் சோழன் கட்டியது என்றுதான் நினைப்போம். வாயிலருகே உள்ள கல்வெட்டோ கட்டியவன் சாத்தன் பூதி என்கிறது, முத்தரையர் குலத்தவன். மழையில் இடிந்து போக, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான். சதுர விமானத்துக்குள் வட்டமான கருவறை. அந்த மேட்டில் அடித்த காற்றைப் பற்றி மட்டுமே இன்னொரு கட்டுரை எழுதலாம்.

குடுமியான்மலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டு முழுமையாகாது. குடைவரையை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கான சுர வரிசைகள், ஏழு பகுதிகளாக. ருத்ராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று முடிகிறது. அரசன் யார்? மகேந்திர பல்லவன் என்று நெடுநாள் சொல்லி வந்திருக்கிறோம். ஓவியம்மா அந்தக் கட்சி. மகேந்திரனுக்கு இசையைக் குறிக்கும் பட்டப்பெயர் உண்டு, அவனளவு கலைப் பித்தன் வேறு யார் என்பது அவர் வாதம். ஐயா எதிர்க்கட்சி. மகேந்திரன் தன் பட்டப்பெயர்களைக் கல்லெல்லாம் வெட்டி வைக்கிறவன். இங்கே ஒன்றுகூட இல்லையே, அவன் ஆட்சி இவ்வளவு தெற்கே இருந்ததற்கு என்ன சான்று என்று மடக்கினார். இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். ஓவியம்மா பையிலிருந்து ஒரு பழைய நூலின் நகலை எடுக்க, ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள, வெயில் ஏற ஏறச் சண்டையும் ஏறியது. கடைசியில் "இவர் சொன்னதையும் எழுதிக்கங்க, நான் சொன்னதையும் எழுதிக்கங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார் ஓவியம்மா. நாங்கள் கை தட்டினோம். காசு கொடுத்து வந்த பயணிகள் முன்னால் இரண்டு அறிஞர்கள் மெய்யாகவே கருத்து வேறுபடுவது எங்கே நடக்கிறது? மற்ற இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அதையும் உரத்த குரலில்.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் வெட்டிய தமிழ் பிராமி எழுத்தின் முன்னால் ஐயா ஐராவதம் மகாதேவனைப் பற்றிப் பேசினார். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர், இடையிலும் கடைசியிலும் குகை குகையாக ஏறி எழுத்துப் படித்தவர். அவருடைய பெருநூல் 2003-ல் வந்தது. கீழே அறிவர் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியத்தில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். அந்தக் கோயிலைப் புதுக்கிய மதிரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது. கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்காரம் இழுத்தால் அறை முழுக்க அதிர்கிறது. அதையும் செய்து பார்த்தோம், குழந்தைகள் மாதிரி.

குறையே இல்லையா? இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முன்னால் வந்ததே இல்லை. ஒரு கல்வெட்டு மீதி இருக்கிறது என்று எப்போதும் ஒரு கல்வெட்டு மீதி இருக்கும். நார்த்தாமலை ஏற்றம் முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. கட்டணமும் வழக்கமான பேருந்துச் சுற்றுலாவைவிடக் கூடுதல்தான். ஆனால் வேறொரு நிறுவனத்தோடு இதே ஊர்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே மைக் பிடித்தவர் ராஜராஜன் வேற்றுக்கிரகவாசிகளிடம் கட்டடக் கலை கற்றான் என்கிற அளவுக்குப் போய்விட்டார். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் அதே கோயில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது, வாசிக்க ஆளில்லை. அந்தப் பெயரை எனக்குக் காட்டியது இந்த மனிதர்கள். அதனால் கட்டணத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

வழியனுப்பும்போது ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் எத்தனையோ கல்வெட்டுகள் மழுங்கிப் போயிருக்கின்றன. பெயின்ட் அடித்து மறைந்தவை வேறு. "உங்க ஊர்க் கோயில் சுவத்துல எழுத்து இருந்தா, கும்பாபிஷேக வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து வைங்க. தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்க." அதை இங்கே எழுதுவதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன், எழுதிவிட்டேன்.

உங்களுக்கு என் பங்குக்கு ஒரு வார்த்தை. எந்த நிறுவனத்தோடு போனாலும், ஓட்டல் எப்படி, வண்டி ஏசியா என்று கேட்பதற்கு முன்னால், கூட வருகிறவர் யார், என்ன படித்தவர், சொல்வதற்கு ஆதாரம் காட்டுவாரா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். தை, மாசியில் போங்கள், வெயில் தாங்கும். பையில் ஒரு டார்ச் இருக்கட்டும். சுவரில் நேராக அடிக்காதீர்கள், சாய்த்து அடியுங்கள்.